முறுக்கு மண்ணுக்குள் போன குளிர்காலம்

1

குளிரில் ஒரு உயிரைச் சூடாக வைத்திருப்பது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில், எக்ஸ்பிரஸ் பஸ் நிற்காத ஒரு ஊரில், கோழிப்பண்ணைக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். நேற்றுப் பொரித்த குஞ்சுகள் பெட்டி பெட்டியாக வேனில் வந்து இறங்கும். உமியைப் பரப்பி, அதன்மேல் செய்தித்தாள் விரித்து, சுற்றிலும் தகரத்தை வட்டமாக நிறுத்தி, மேலே குடை மாதிரி ஒரு மூடியும் அதற்குள் பல்பும் தொங்கவிட்டு, முதல் வாய்க்கு வெல்லத் தண்ணீர் வைத்துக் குஞ்சுகளை இறக்கிவிடுவோம். அதற்குப் பெயர் புரூடர். தகரம் வட்டமாகத்தான் நிற்க வேண்டும். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். நான் கல்லூரிக்குப் போன காலத்திலும் காலையில் புரூடரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இப்போது இருப்பது அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில். இங்கே குளிர் எப்படி என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை ஒன்றுதான்: ஃப்ரிட்ஜுக்குள் போய் உட்கார்ந்தால் வெளியைவிடக் கதகதப்பாக இருக்கும். வீட்டுக்காரர் வாரத்தில் பாதி நாள் வேலையாக வேறு ஊரில் இருப்பார். மீதி வீடு நானும் என் மகள் இனியாவும்தான். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் பேசுவாள், ஆனால் வாக்கியத்தை முடிக்கும் முன்பு அவளுடைய நாக்கு பஸ் மாறிவிடும்.

போன கோடையில் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போயிருந்தபோது அவள் இரண்டு துறவி நண்டுகளை வாங்கி வந்தாள். காலிச் சங்குக்குள் உடம்பைச் செருகிக்கொண்டு, அந்தச் சங்கையே முதுகில் இழுத்துக்கொண்டு திரியும் சிறு நண்டு. தரையில் வாழ்கிற ஜாதி. ஒன்றின் சங்கு சுற்றுச்சுற்றாக ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கு போல இருந்ததால் அதற்கு முறுக்கு என்று நான் பெயர் வைத்தேன். மற்றதற்கு அவள் பட்டன் என்று வைத்தாள். ஊரைவிட்டு ஊர் வந்து, அடுத்தவர் கட்டிய வீட்டுக்குள் ஒண்டிக்கொண்டு, போகிற இடமெல்லாம் வீட்டை இழுத்துக்கொண்டு போகிற பிராணி. எங்களைப் போன்றவர்கள் கட்டுரை எழுத இதைவிட வசதியானது அமையாது. நான் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. அது நண்டு. அதற்குச் சூடு வேண்டும். என் கவலை அவ்வளவுதான்.

2

அக்டோபர் வந்ததும் நண்டுகள் நகரவில்லை. வெப்ப நாட்டுப் பிராணிக்குக் குளிர் ஆகாது. இனியா முகத்தைத் தொங்கப்போட்டாள். "இதுக்குப் போய் அழுவாங்களா சாமி? அம்மா இருக்கறனில்ல," என்று சொல்லிவிட்டு அன்று மாலையே நான் வேலையில் இறங்கினேன்.

கண்ணாடித் தொட்டியின் கம்பி வலை மூடிக்கு மேலே ஒரு பல்பு. அதைச் சுற்றி அலுமினியத் தட்டால் செய்த குடை. பல்பு விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பக்கத்துப் பண்ணையில் உமி புகைந்து ஒரு கொட்டகையே போயிருக்கிறது. அதனால் கம்பியை இரட்டையாக முறுக்கி, திரைச்சீலைக் கம்பியில் கட்டினேன். நண்டுகள் கொஞ்சம் அசைந்தன. நான் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். பண்ணையை இப்போது அவர்தான் பார்க்கிறார்.

"ஏன் அம்மிணி, அமெரிக்கா போயும் குஞ்சு ஏத்தறயா?" என்று சிரித்தார்.

"நண்டுங்கண்ணா. ரெண்டே ரெண்டு."

"ரெண்டு நண்டுக்கு ஒரு பல்பா! கொழம்பு வெச்சாக்கூட ஒருத்தருக்குப் பத்தாது."

அடுத்த வாரம் எங்கள் அடுக்குமாடியின் மேலாளர் அம்மாள் புகை எச்சரிக்கைக் கருவியைச் சோதிக்க வந்தார். வருடம் ஒருமுறை வருவார். கருவியைப் பார்ப்பதற்கு முன்பே என் பல்பைப் பார்த்துவிட்டார். திரைச்சீலைக்குப் பக்கத்தில் பல்பு, எக்ஸ்டென்ஷன் வயர், அலுமினியத் தட்டு. அவருடைய முகம் மாறியது. நான் தைரியமாக ஆங்கிலத்தில் சொன்னேன்: பயப்படாதீர்கள், இப்படித்தான் நான் ஆயிரக்கணக்கான கோழிக்குஞ்சுகளை வளர்த்திருக்கிறேன்.

சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனால் இரண்டு நாளில் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பல்பை உடனே கழற்ற வேண்டும். தவிர, குடியிருப்பில் கோழி வளர்ப்பு அனுமதிக்கப்படவில்லை, தற்போது எத்தனை பறவைகள் இருக்கின்றன என்று தெரிவிக்கவும். பறவைகள்: பூஜ்யம் என்று எழுதி அனுப்பினேன். 'பறவைகள் எப்போது அப்புறப்படுத்தப்பட்டன' என்று மறு கேள்வி வந்தது. கடைசியில் நேரில் போய், போனில் இருந்த பண்ணைப் படத்தைக் காட்டி, இது இந்தியா, இது என் அண்ணன், இவையெல்லாம் அங்கேயே இருக்கின்றன என்று விளக்கிய பிறகுதான் கோப்பை மூடினார்கள். மேலாளர் அம்மாள் படத்தை வெகுநேரம் பார்த்து, உன் அண்ணன் ரொம்பப் பெரிய ஆள் போல என்றார். ஆமாம் என்றேன்.

3

பல்பு போனதில் எனக்குக் கோபம். இனியாவுக்கு நிம்மதி. அவள் அந்த பல்பை முதலிலிருந்தே விரும்பவில்லை.

"அம்மா, அதுக்கு மூச்சு முட்டுது. அது செவுள்ல மூச்சு விடற அனிமல். காத்து ஈரமா இருக்கணும். உன் பல்பு எல்லாத்தையும் காய வைக்குது."

ஈரம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆகாது. புரூடருக்குள் ஈரம் வந்தால் உமி நாறும், குஞ்சுக்கு ரத்தக் கழிச்சல் வரும், பண்ணை காலி. எங்கள் ஊரில் யாராவது புரூடர் பக்கம் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டால் தெரு முழுக்கக் கேட்கும்படி ஏச்சு விழும். அதனால் இனியா தொட்டிக்குள் தண்ணீர் தெளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனதும் நான் டிஷ்யூ தாளால் ஒற்றி ஒற்றிக் காய வைத்துக்கொண்டிருந்தேன். அவள் தெளிக்க, நான் துடைக்க, நடுவில் இரண்டு நண்டுகளும் என்ன பாடுபட்டனவோ. விஷயம் தெரிந்தபோது அவள் ஒரு வீடியோவைப் போட்டு என்னை உட்காரவைத்துக் காட்டினாள். பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. தரையில் வாழ்ந்தாலும் அது மீன் போல ஈரத்தில்தான் மூச்சு வாங்குகிறது. சரியானதைச் சரி என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை.

அப்புறம் இருவருமாகச் சேர்ந்து செய்தோம். கம்பி வலை மூடியை எடுத்துவிட்டுக் கண்ணாடி மூடி. அடியில் மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்கும் பதத்துக்கு நனைத்து, ஒரு சாண் ஆழத்துக்கு நிரப்பினோம். நார்த்தூள் கட்டியின்மேல் இந்தியாவில் செய்தது என்று அச்சிட்டிருந்தது. சூட்டுக்கு, ஒட்டுகிற மாதிரி ஒரு தட்டையான ஹீட்டர். அதைத் தொட்டிக்கு அடியில் வைக்கத்தான் நான் போனேன். அடுப்பு என்றால் அடியில்தானே? இனியா தடுத்தாள். நண்டு மண்ணுக்குள் புதைந்து இருக்கும் பிராணி. அடியில் சூடு வைத்தால் வெந்துவிடும். பின்பக்கக் கண்ணாடியில், வெளிப்புறமாக, மண் மட்டத்துக்கு மேலேதான் ஒட்ட வேண்டும். சூடு கூடினால் தானாக அணைக்கிற தெர்மோஸ்டாட்டும் அதற்கு வேண்டும். தெர்மோஸ்டாட்டின் வயர் நுனியில் ஒரு சிறு குமிழ். அது தொட்டிக்குள் இருந்துகொண்டு சூட்டை அளந்து சொல்லும்.

ஒரு மாதம் நன்றாகப் போனது. ஒருநாள் பள்ளிவிட்டு வந்த இனியா, "அம்மா, நம்பர் ரொம்பக் கம்மியா காட்டுது. ஹீட்டரை ஏத்திடவா?" என்றாள்.

நான் நம்பரைப் பார்க்கவில்லை. பட்டனைப் பார்த்தேன். அது ஹீட்டர் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்மூலையில், தண்ணீர்க் கிண்ணத்துக்கு அந்தப் பக்கம் ஒடுங்கிக் கிடந்தது. குஞ்சுகளைப் படித்தவளுக்கு இது தெரியும். பல்புக்கு அடியில் கும்பலாகச் சேர்ந்தால் குளிர். தகர ஓரத்துக்கு ஓடினால் சூடு. பரவலாக நின்று தீனி பொறுக்கினால் சரி.

"ஏத்தாதே. அதுக்குச் சூடு தாங்கலை."

"ஆனா நம்பர்…"

"நம்பருக்கா சூடு வைக்கறோம்? நண்டுக்குத்தானே?"

தொட்டியின் பின்னால் கையை விட்டேன். குமிழ் கழன்று வெளியே வந்து ஜன்னல் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஜன்னல் குளிரை அளந்து, இன்னும் சூடு வேண்டும், இன்னும் சூடு வேண்டும் என்று ஹீட்டரை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணாடி சுட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழைத் தொட்டிக்குள் வைத்து இரண்டு இடத்தில் ஒட்டினேன். இனியா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக இன்னும் இரண்டு நண்டு வாங்கித் தரலாம்.

4

அந்த மரியாதை ஜனவரி வரைதான் நீடித்தது.

ஜனவரியில் முறுக்கு மண்ணுக்குள் போனது. ஒரு வாரம் வரவில்லை. இரண்டாவது வாரமும் வரவில்லை. அது தோலுரிக்கப் போயிருக்கிறது, மாதக்கணக்கில்கூட உள்ளேயே இருக்கும், பழைய தோலைத் தானே தின்றுவிட்டுப் புதுத்தோல் கெட்டியானதும் வெளியே வரும் என்று இனியா சொன்னாள். அதுவரை உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்குமாம். யாராவது தோண்டினால் செத்துப்போகுமாம்.

எனக்கோ அது செத்துவிட்டது என்று தோன்றியது. தோன்றியது என்ன, நிச்சயமாக நம்பினேன். பண்ணையில் எங்கள் முதல் வேலை என்ன தெரியுமா? வெயில் ஏறுவதற்குள் புரூடரைச் சுற்றி வந்து செத்ததைப் பொறுக்கி எடுப்பது. தீனியோ தண்ணீரோ அதற்குப் பிறகுதான். செத்தது ஒன்று கிடந்தால் அது பத்தைக் கொண்டுபோகும். அருவருப்பு, பாவம் என்றெல்லாம் நின்றுகொண்டிருக்க முடியாது. உயிரோடு இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் செத்ததை எடுத்தாக வேண்டும். என் கை அப்படிப் பழகிய கை. பட்டன் அதே மண்மேல் நடப்பதையும் அதே ஈரத்தில் மூச்சு விடுவதையும் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது.

அண்ணனும் அதையே சொன்னார். "செத்தத ஊட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கறயா? எடுத்து வீசு அம்மிணி. இருக்கறதாச்சும் பொழைக்கட்டும்."

"புள்ள வேண்டாங்குதுங்கண்ணா."

"புள்ளைக்கு என்ன தெரியும்? இங்க என்ற புள்ளைங்க சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஃப்ளாட்டுல இருக்குதுங்க. பண்ணைக்கு வந்தா மூக்கப் பொத்திக்குதுங்க. முட்டை எங்கிருந்து வருதுன்னு கேட்டா போன் ஆப்புல வருதுங்குதுங்க."

பிள்ளைகள் நம்மிடமிருந்து விலகிப்போவதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை என்பது எனக்கு ஒரு வகையில் ஆறுதல்.

ஒரு சனிக்கிழமை காலை. இனியா எழுந்திருக்கவில்லை. நான் மூடியைத் தூக்கி, முறுக்கு போன இடத்தில் சமையலறைக் கரண்டியை இறக்கினேன். ஒரு கரண்டி மண்ணை எடுத்து மோந்து பார்த்தேன். நாற்றம் இல்லை. இரண்டாவது கரண்டிக்குக் கை போனது.

"அம்மா!"

அப்படி ஒரு கத்தலை நான் அவளிடம் கேட்டதில்லை. "அதைத் தனியா விடு! அதைத் தனியா விடு!"

"'சும்மா விடு'ன்னு சொல்லோணும் சாமி," என்றேன்.

அந்த நேரத்தில் தமிழ் திருத்தியிருக்க வேண்டாம். அவள் கரண்டியைப் பிடுங்கித் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டாள். கண்ணில் தண்ணீர். "உனக்கு எல்லாமே கோழி. இது கோழி இல்லம்மா."

நான் சண்டை போட்டேன். எடுத்த ஒரு கரண்டி மண்ணும் மேல்மண்தான், அதனால் ஒன்றும் ஆகாது என்றேன். பட்டன் செத்தால் யார் பொறுப்பு என்றேன். நான் எத்தனை உயிரை வளர்த்திருக்கிறேன் என்று பட்டியல் போட்டேன். அவள் கரண்டியைத் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். அன்று குழம்பைக் கிண்ணத்தால் மொண்டு ஊற்றினேன்.

5

பிப்ரவரியில் அவளுடைய வகுப்பை மூன்று நாள் பனிக்காட்டு முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். வருடம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தவள், கிளம்ப வேண்டிய வாரத்தில் போகவில்லை என்று சொல்லிவிட்டாள். ஜுரமா என்று தொட்டுப் பார்த்தேன். இல்லை. பிறகு மெதுவாகக் காரணம் வந்தது.

"நான் போனா நீ தோண்டிடுவே."

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை என் சமையலைக் குறை சொல்லியிருக்கிறாள், உச்சரிப்பைக் கேலி செய்திருக்கிறாள், பள்ளிக்கூட வாசலில் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறாள். அதெல்லாம் என்னைத் தொட்டதில்லை. ஊரில் வளர்கிற பிள்ளைகளும் செய்வதுதான். இது வேறு. ஒரு சிறு உயிரை என் பொறுப்பில் விட்டுப்போக என் மகளுக்குப் பயம். நான் இதுவரை எந்த வேலையில் பெருமைப்பட்டேனோ, அந்த வேலையில்.

"தோண்ட மாட்டேன். சாமி மேல சத்தியம்."

"எந்த சாமி?"

"நீதான்டி," என்றேன். போனாள்.

அவள் போன மறுநாள் உறைமழை. விழுகிற மழை மரத்திலும் மின்கம்பியிலும் பட்டவுடன் பனிக்கட்டியாகும். எங்காவது கம்பி அறுந்திருக்கும். மதியத்துக்கு முன்பே கரண்டு போனது. வீட்டுச் சூடு, ஹீட்டர், எல்லாம் நின்றன. குடியிருப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று இயந்திரம் சொன்னது.

கரண்டு போகிறதா? எனக்கா பாடம்? நாங்கள் மின்வெட்டோடு குஞ்சு வளர்த்தவர்கள். ஊரில் சாக்குப் படுதாவை இறக்கி, பானையில் கரி போட்டுச் சமாளிப்போம். இங்கே கரி கூடாது. மூடிய வீட்டுக்குள் புகை ஆளையே கொல்லும். முதலில் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். போர்வையால் மூடிய பிறகு திடீரென்று கரண்டு வந்து ஹீட்டர் உள்ளேயே கொதித்துவிடக் கூடாது. பிறகு வீட்டில் இருந்த ரஜாய், கம்பளி எல்லாவற்றையும் கொண்டுவந்து தொட்டியின் மூன்று பக்கமும் மேலேயும் சுற்றினேன். கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்துத் தண்ணீர் காய்ச்சி, பாட்டில்களில் ஊற்றித் துண்டில் சுற்றி, பின்கண்ணாடிக்கு வெளியே, மண் மட்டத்துக்கு மேலே சாய்த்து வைத்தேன். வெந்நீரை நேராகக் கண்ணாடியில் வைத்தால் விரிசல் விடும். பாட்டில் ஆற ஆற மாற்றினேன். நடுவில் மணிக்கட்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பேன். கைக்குழந்தைப் பாலைச் சோதிக்கிற மாதிரி.

பட்டன் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ரஜாயை விலக்கி மூடியைத் தூக்கினேன். அது பரவாயில்லை, மீசையை ஆட்டியது. அப்போதுதான் மண்ணைக் கவனித்தேன். முறுக்கு புதைந்த இடத்தில் மண்ணைத் தட்டிச் சமமாக்கி, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்திருந்தது. கட்டம் கட்டமாக, சுத்தமாக. யாராவது தோண்டினால் காட்டிக்கொடுக்கும் கோடு. சத்தியத்தை வாங்கிக்கொண்டு என் மகள் கோட்டையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

முதலில் கோபம் வந்தது. அப்புறம், பொய் சொல்வானேன், பெருமையாகவும் இருந்தது. களவு போனால் தெரிய வேண்டும் என்று பண்ணையில் தீவன மூட்டைக்கு அடையாளம் வைக்கிற பரம்பரைதானே.

அப்படி யோசித்துக்கொண்டு மூடியைச் சாய்த்துப் பிடித்ததுதான் தப்பு. தொட்டி ஆறியதில் மூடியின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாகக் கட்டியிருந்தது. அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஓட்டமாக வழிந்து, சரியாக முறுக்கின் தலைக்கு மேலே விழுந்தது. பாதிக் கோடு கரைந்தது. அந்த இடத்தில் மண் குழிந்து, யாரோ கையை விட்டுக் கிளறின மாதிரி ஆகிவிட்டது.

முள்கரண்டியை எடுத்து மறுபடி கோடு போட அரை நிமிடம் ஆகாது. போடவில்லை. மூடியை மூடி, ரஜாயை இழுத்துவிட்டு, அடுத்த பாட்டிலுக்குத் தண்ணீர் வைத்தேன். இருட்டுவதற்குள் கரண்டு வந்தது. எல்லாப் போர்வையையும் எடுத்துவிட்டுத்தான் ஹீட்டரைச் சொருகினேன்.

6

மூன்றாம் நாள் மாலை இனியா வந்தாள். பூட்ஸைக் கழற்றவில்லை. பனி சொட்டச் சொட்ட நேராகத் தொட்டிக்குப் போனாள். நான் கதவருகிலேயே நின்றேன். அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

எனக்குப் பயமாகிவிட்டது. இத்தனைக்கும் நான் ஒன்றும் செய்யவில்லை. "கரண்டு போயிருச்சு சாமி," என்று ஆரம்பித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "பட்டனப் பாக்கலாம்னு மூடியத் தூக்கினேன். அதுல இருந்த தண்ணி கொட்டி… உன்ற கோடு அழிஞ்சிருச்சு. நான் மண்ணத் தொடவே இல்ல."

"தெரியும்மா," என்றாள்.

"எப்படித் தெரியும்? பாத்தா தோண்டுன மாதிரிதானே கெடக்குது?"

அவள் திரும்பினாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. சிரித்தாள்.

"நீ தோண்டியிருந்தா, தோண்டினதுதான் சரின்னு இந்நேரம் எங்கிட்டச் சண்டை போட்டுட்டு இருப்பே."